அய்யனார் குதிரையும் சிட்டுவின் கழுத்தும்

சென்ற சித்திரை மாதம் வரையில் என் மட்டக்குதிரையைப் பார்த்தவர் எவரும் அதைப் புகழாமல் போனதில்லை என்பதும், அந்தப் புகழ்ச்சியைக் கேட்டு நான் உள்ளூரப் பூரிக்காமல் இருந்ததில்லை என்பதும், இதை எழுத உட்காரும் இவ்வேளையில் சற்றுக் கூச்சத்துடன்தான் நினைவுக்கு வருகின்றன. "குதிரைன்னா இப்படி இருக்கணும் சார், வஞ்சனையில்லாம வளர்த்திருக்கீங்க" என்று உதகைக்கு வரும் உறவினர் ஒவ்வொருவரும் சொல்வார்கள். முதுகின் நடுவே மழைநீர் தேங்கும் அளவுக்கு ஒரு வாய்க்காலும், அதன் இருபுறமும் இரண்டு மேடுகளும், வில்லாக வளைந்து உருண்டு திரண்ட பிடரியும், வாலின் அடியில் இரண்டு மெத்தைகளும் கொண்டு, செவலை நிறத்தில் எண்ணெய் தடவியதுபோல் மின்னிக்கொண்டு அது நிற்கும் கோலம், பரிபாலனத்தின் நிதர்சனமான சான்றாகவே எனக்குத் தோன்றிற்று. அதற்குச் சிட்டு என்று பெயர். பெயர் வைத்த காலத்தில் அது பொருத்தமாகத்தான் இருந்தது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் அதை வாங்கியபோது, ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளின் குழந்தைகளைச் சுமந்து சுமந்து, விலா எலும்புகளை இருபதடி தூரத்திலிருந்தே எண்ணக்கூடிய நிலையில் இருந்தது. அந்த எலும்புகளை மறைக்கவேண்டும் என்ற ஒரே சங்கற்பத்துடன் நான் தொடங்கிய உபசாரம், எலும்புகள் மறைந்த பின்னும் நிற்கவில்லை. காலையில் வேகவைத்த கொள்ளு, மாலையில் வெல்லம் கலந்த தவிடு, இடைப்பட்ட பொழுதெல்லாம் கொல்லையில் மண்டிக் கிடக்கும் கிக்குயு புல். போதாக்குறைக்குக் காரட் கழுவும் இடத்தில் வேலை செய்யும் அண்டைவீட்டு அக்கா, ஒடிந்ததும் பிளந்ததுமான காரட்டுகளை வாரம் ஒரு சாக்கு கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார். சவாரியோ, என் பேரன் விடுமுறைக்கு வரும் பதினைந்து நாட்கள்தான். ஒரு பிராணியின் மீது அபிமானம் கொண்டவனுக்கு அதை வெளிப்படுத்த எளிதில் அகப்படும் வழி, எதையாவது அதன் வாயில் வைப்பதுதானே.

இன்னொரு காரணமும் உண்டென்று பிறகு யோசித்தபோது பட்டது. நம்மில் பெரும்பாலோர் குதிரையை முதலில் பார்ப்பது லாயத்திலன்று, ஊர் எல்லையிலே, அய்யனார் கோயிலிலே. நான் பிறந்து வளர்ந்த புதுக்கோட்டைச் சீமையில் புரவியெடுப்புக்காக வேளார் செய்யும் மண்குதிரைகளை நினைத்துப் பார்க்கிறேன்: குடத்தைக் கவிழ்த்தாற்போன்ற உடல், தூண்போன்ற கால்கள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தடித்து வளைந்து கம்பீரமாக எழும் அந்தக் கழுத்து. சூளையில் வெந்து நிற்கும் மண்ணுக்கு அந்த வடிவம் வேண்டும். தெய்வத்தின் வாகனத்துக்கு அந்தத் தோரணை வேண்டும். ஆனால் அந்தக் கழுத்தைக் குதிரையின் இலட்சணமென்று பிள்ளைப் பருவத்திலேயே கண்ணில் பதித்துக்கொண்ட என்னைப் போன்றவன், உயிருள்ள குதிரையின் பிடரியில் அதே தடிப்பைக் காணும்போது, அது கொழுப்புக் கட்டி என்று எப்படி அறிவான்? மகிழ்ந்துதான் போவான்.

சித்திரையில் கோடைமழை இரண்டு முறை பெய்து, கொல்லை முழுவதும் இளம்புல் தளதளவென்று எழும்பிய பத்தாம் நாள், சிட்டு வாசலிலிருந்து வர மறுத்தது. முன்னங்கால்கள் இரண்டையும் முன்னே நீட்டி, பாரம் முழுவதையும் பின்னங்கால்களின் மேல் சாய்த்து, சுடுகிற தரையில் வெறுங்காலோடு நிற்பவன்போல் நின்றது. திரும்பச் சொன்னால் உடம்பு முழுவதையும் ஒரே மரக்கட்டையாகத் திருப்பியது. குளம்பைத் தொட்டால் சூடு; கணுக்காலின் பின்புறம் விரல் வைத்தால் நாடி தெறிக்கிறது. எனக்கு உதவியாக இருக்கும் பாய், கிண்டி லாயத்தில் இளமையில் சைஸாக, அதாவது குதிரைப் பராமரிப்பாளராக, இருந்து குதிரைகளோடு ஐம்பது ஆண்டு பழகியவர், பார்த்த மாத்திரத்தில், "சார், இது கல்லு குத்தினதில்ல. தீனி குளம்புல எறங்கிடுச்சு" என்றார். வந்த கால்நடை மருத்துவரும் அதையே வேறு பாஷையில் சொன்னார்: லாமினைடிஸ், அதாவது குளம்பின் உட்படல அழற்சி. இரத்தத்தில் இன்சுலின் அளவைப் பரிசோதித்துவிட்டு, இது குளம்பில் தோன்றிய வியாதியன்று, தீனித்தொட்டியில் தோன்றிய வியாதி என்றும் கூறினார். அவர் குரலில் கண்டிப்பு இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை; என் காதில் இருந்தது.

குதிரையின் குளம்புக்குள் இருக்கும் எலும்பு, குளம்பின் சுவரோடு ஏறத்தாழ 550 முதல் 600 மெல்லிய மடிப்புகளால் கோத்துப் பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிராணியின் பாரம் முழுவதும் நான்கு குளம்புகளிலும் உள்ள இந்த மடிப்புகளிலேயே தொங்குகிறது என்றால் மிகையன்று. முன்னங்கால்களுக்குப் பங்கு அதிகம். வெகுகாலமாக அளவுக்கு மீறிய தானியமும் இளம்புல்லும் வயிற்றைக் கெடுத்து இந்த மடிப்புகளை நலியச் செய்கின்றன என்றே கருதினார்கள். அதுவும் ஒரு வழிதான். ஆனால் 2007-ல் ஆஸ்திரேலியாவில் நோயற்ற மட்டக்குதிரைகளுக்கு இரத்தத்தில் இன்சுலினை மட்டும் நீண்ட நேரம் உயர்த்தி வைத்துப் பார்த்ததில், வேறெந்தக் குற்றமும் இல்லாமலே அவற்றுக்குக் குளம்பழற்சி வந்துவிட்டது. கொழுத்த குதிரையின் உடலில், சர்க்கரைக்கு எதிர்வினையாகச் சுரக்கும் இன்சுலின் சாதாரணக் குதிரையைவிடப் பன்மடங்கு பொங்கியெழுகிறது. இந்நிலைக்கு 2002-ல் பிலிப் ஜான்சன் என்ற கால்நடை மருத்துவ அறிஞர், மனிதருக்குச் சொல்வதைப்போலவே, குதிரையின் வளர்சிதைக் கோளாறு என்று பெயரிட்டார். வறண்ட மலைகளிலும் பொட்டல்களிலும் அரைவயிறாக வாழப் பழகிய இனங்களே இதற்கு அதிகம் ஆளாகின்றன. கிடைத்த துளியையும் சேமித்து வைக்கும் சிக்கனம் அவற்றின் இரத்தத்தில் ஊறியது. பஞ்சத்தில் உயிர் காக்கும் அந்தக் குணமே, என் கொல்லையைப் போன்ற நித்திய சுபிக்ஷத்தில் அவற்றுக்குச் சத்துருவாகிறது.

முதல் வேலையாக நான் கற்றுக்கொண்டது, கண்ணை நம்பக்கூடாது என்பது. தினமும் பார்க்கும் கண் எதையும் பார்ப்பதில்லை. துணிக்கடை அளவுநாடாவை முன்னங்கால்களின் பின்புறமாக மார்பைச் சுற்றிப் பிடித்து, அந்தச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளவேண்டும். தோள்முனையிலிருந்து பின்தொடை முனைவரை நீளத்தையும் குறித்துக்கொள்ளவேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை ஏறக்குறைய வந்துவிடும். சிட்டுவின் மார்பு 158, நீளம் 134. கணக்குப் போட்டால் 281 கிலோவுக்கு மேல். தோள் உயரம் 49 அங்குலமே உள்ள ஒரு மட்டக்குதிரைக்கு இது ஆனைப்பாரம்.

நாடா எடையைச் சொல்லும். அந்த எடையில் கொழுப்பு எவ்வளவு என்று சொல்லக் கைதான் வேண்டும். 1983-ல் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் டான் ஹெனெக் என்பவர், பெண்குதிரைகளின் கருத்தரிப்பை ஆராயும் நிமித்தம், கழுத்து, தோளின் பின்புறம், விலா, முதுகு, வாலடி, தோள்மேடு ஆகிய ஆறு இடங்களையும் தடவிப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் ஒரு முறையை வகுத்தார். ஐந்தை ஒட்டி இருந்தால் நலம். சிட்டுவுக்கு மருத்துவர் போட்டது எட்டு. பள்ளிக்கூடத்தில்கூட நான் பெறாத மதிப்பெண். இந்த விலா விஷயத்துக்கு ஓர் எளிய யுக்தி உண்டு: முஷ்டி பிடித்து விரற்கணுக்களை மறுகையால் தடவிப் பாருங்கள், குதிரையின் விலா அப்படி உறுத்தினால் இளைப்பு, விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவுங்கள், எலும்பு தெரிந்தும் தெரியாமலும் இருக்கிறதல்லவா, அதுவே சரியானது, உள்ளங்கையைத் தடவினால் கிடைக்கும் மெத்தென்ற சுகம் விலாவில் கிடைத்தால், அது குதிரைக்குச் சுகமன்று. தொங்கும் வயிற்றை மட்டும் கண்டு கொழுப்பென்று முடிவுகட்டுவதும் தவறு. சத்தற்ற நார்த்தீனி தின்ற குதிரைக்கும், குடற்புழு உள்ள குதிரைக்கும்கூட வயிறு தொங்கும். கொழுப்பு குடியிருக்கும் இடங்கள் வேறு: பிடரி, தோளின் பின்பக்கம், வாலடி, கண்ணுக்கு மேலே இயல்பாகக் குழிந்திருக்க வேண்டிய பள்ளம்.

நோயின் காரணம் புரிந்த அன்றிரவே, தீனியை அடியோடு நிறுத்திவிடுவது என்று நான் தீர்மானித்தேன். நல்லவேளையாக மறுநாள் காலை மருத்துவரிடம் அதை ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அவர் பதறிப்போனார். நம்மைப்போல் குதிரை ஏகாதசி இருக்கமுடியாது. அதன் இரைப்பை உடலைப் பார்க்க மிகச் சிறியது. தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் அதில் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கும். அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ, மெல்லும்போது மட்டுமே சுரக்கும். பல மணி நேரம் வாய் சும்மா இருந்தால் இரைப்பையில் புண். அதைவிடக் கொடியது வேறு: கொழுத்த மட்டக்குதிரையோ கழுதையோ திடீரெனப் பட்டினி கிடந்தால், சேமித்து வைத்த கொழுப்பு முழுவதும் கரையுடைத்த வெள்ளமாக இரத்தத்தில் பாய்கிறது. அத்தகைய பிராணியின் இரத்தத்தை எடுத்து வைத்தால் மேலே தெளியும் நீர் பால்போல் வெளுத்திருக்குமாம். ஈரல் அந்த வெள்ளத்தில் மூழ்கிவிடும். உயிர் பிழைப்பது அரிது. ஆக, இளைக்கவேண்டிய குதிரையும் நாள் முழுவதும் தின்றுகொண்டே இருக்கவேண்டும். ஆனால் தின்பதில் சத்து சொற்பமாக இருக்கவேண்டும்.

உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு உலர்பொருள் என்பது மருத்துவர் விதித்த கணக்கு. சிட்டுவுக்கு அது நாளொன்றுக்கு 4.2 கிலோ; காய்ந்த புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருக்குமாதலால், தராசில் ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வைத்தோம். இந்த மூடுபனியில் புல்லைக் காயவைப்பது ஆகாத காரியமென்பதால், சமவெளியிலிருந்து லாரியில் வருவதைத்தான் நம்பவேண்டியிருந்தது. முற்றிக் காய்ந்த புல்லைப் பெரிய தொட்டியில் ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்தால், கரையக்கூடிய சர்க்கரையில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். தேநீர் நிறத்தில் வடியும் அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு திருப்தி. சர்க்கரையோடு தாதுக்களும் போவதால், மருத்துவர் சொன்ன தாது உப்புக் கலவையை ஒரு கைப்பிடித் தவிட்டில் பிசைந்து கொடுத்தோம். ஐந்து கிலோவை அப்படியே கொட்டினால் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பாய் பழைய மீன்வலை ஒன்றை இரண்டாக மடித்து, குளம்பு சிக்காத உயரத்தில் கட்டி, அதற்குள் புல்லைத் திணித்தார். ஒவ்வோர் இழையாக உருவித் தின்னவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டதும், அதே புல் இருமடங்கு நேரம் நின்றது. நான்கு வேளை, இரவு பத்து மணிக்கு வைப்பது பெரிய பங்கு, ஏனெனில் இரவுதான் நீளம்.

வெல்லத்தை நிறுத்தினோம், காரட்டை நிறுத்தினோம். கொள்ளை நிறுத்தச் சொன்னபோது மட்டும் பாய் சம்மதிக்கவில்லை. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. பிறகு யோசித்துச் சொன்னேன்: அந்தப் பழமொழி மனிதனைப் பற்றியது, சோறு தின்பவன் சோற்றைக் குறைத்துக்கொண்டு கொள்ளுக் கஞ்சி குடித்தால் இளைக்கலாம். குதிரைக்கோ கொள்ளு என்பது கஞ்சியன்று, விருந்து. வண்டி இழுத்தும் சவாரி சுமந்தும் நாள் முழுவதும் உழைத்த குதிரையின் தசையைத் தாங்கவே நம் முன்னோர் அதை வேகவைத்துக் கொடுத்தார்கள். அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு புரதமும், பாதிக்கு மேல் கார்போஹைட்ரேட்டும் இருக்கின்றன. உழைப்பு நின்றுபோய் உணவு மட்டும் தொடர்ந்ததுதான் இங்கே நேர்ந்த பிழை. பாய் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அப்ப குதிரை மசாலு?" என்றார். பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் அந்தப் பயிரும் சத்து மிகுந்தது, கன்றுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் உரியது, சிட்டுவுக்கு வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாட்கள் அவர் என்னோடு அதிகம் பேசவில்லை.

புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் வெயில் ஏற ஏறப் புல் சர்க்கரையைத் திரட்டிக்கொண்டே போகிறது. இரவில் வளர்ச்சிக்காக அதைச் செலவிடுகிறது. ஆகையால் நள்ளிரவு கடந்து விடியற்காலை வரையில் மேயவிடுவதே உத்தமம் என்று அயல்நாட்டுப் புத்தகங்கள் ஒருமுகமாகச் சொல்கின்றன. அதை எழுதியவர்களின் கொல்லையில் சிறுத்தை உலாவுவதில்லை. நீலகிரியில் நள்ளிரவில் மட்டக்குதிரையை வெளியே விடுவது, யாருக்கு மேய்ச்சல் என்ற கேள்வியை எழுப்பும். எனவே விடிந்து பனி விலகியதும் ஒன்றரை மணி நேரம் மட்டும், அதுவும் வாய்க்கூடையோடு, என்று ஏற்பாடு செய்தோம். போரடிக்கும் மாட்டுக்கு நம் ஊரில் கட்டுவார்களே, அதே வாய்க்கூடைதான். அடியில் மட்டும் இரண்டு விரல் நுழையும் துவாரம். புல் நுனிகள் சில அதன் வழியே அகப்படும், தண்ணீரும் குடிக்கலாம். முதல் நாள் அது என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்து காலையில் வெயில் அடிக்கும் நாட்களில் இந்த ஒன்றரை மணி நேரமும் கூடாது. குளிரில் புல் வளராமல் நின்றுவிடுவதால், முந்தைய நாள் சர்க்கரை செலவாகாமல் அப்படியே தங்கியிருக்கும். கிக்குயு புல்லில் இன்னொரு தோஷமும் உண்டு: அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது, அதையே தின்று வாழும் குதிரைக்கு நாளடைவில் முக எலும்பு உப்பிப்போகும். கொழுப்பு மேலே ஏற, எலும்பு உள்ளே கரைகிற இந்த விபரீதம் நம் மலைப்பகுதியில் குதிரை வைத்திருப்போர் அறிந்திருக்க வேண்டியது.

குளம்பின் வலி தணியும்வரை சிட்டு மெத்தென்ற மரத்தூள் மேல் லாயத்திலேயே இருந்தது. வலியுள்ள குதிரையை நடத்துவது பாவம் மட்டுமன்று, உள்ளே அந்த மடிப்புகள் கிழிந்துவிடும். நின்ற இடத்தில் கட்டிவைத்திருந்த அந்த வாரங்களில்தான் எப்போதோ படித்த ஒரு செய்தியைத் தேடி எடுத்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் அரபுக் குதிரைகளை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கப்பலில் தருவித்ததும், அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு திரும்புமுன் மாண்டுபோனதும், கரைக்கு வந்துபோன மார்க்கோ போலோவை வியக்கவைத்தன. குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள் என்று அவர் எழுதிவைத்தார். அவருக்குச் சற்றுப் பின் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இன்னும் விரிவாகச் சொல்கிறார்: வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்து, கொழுக்கவேண்டுமென்றே நாற்பது நாள் முளையடித்துக் கட்டிவைத்து, அதன்பின் எவ்விதப் பயிற்சியுமின்றி ஏறி ஓட்டுவார்களாம், வாயுவேகக் குதிரைகளெல்லாம் சில நாளில் சோம்பேறிகளாகிவிடுமாம். அயலார் கண்ணில் கொஞ்சம் அலட்சியமும் கலந்திருக்கலாம். ஆயினும் எழுநூறு ஆண்டு கழித்து அதே நாட்டான் ஒருவன் வெல்லத் தவிட்டோடு நிற்கும் காட்சியை அவர் கண்டிருந்தால், புதிதாக ஒரு வரியும் எழுதவேண்டியிருந்திராது.

ஆடிச் சாரலில் நடையைத் தொடங்கினோம். மருத்துவர் அனுமதித்தது முதலில் பத்து நிமிடம், மண் தரையில், கையில் பிடித்தபடி. பத்து இருபதாயிற்று, இருபது நாற்பதாயிற்று. தார்ச்சாலையைத் தவிர்த்து, தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் மேடேறி இறங்குவோம். மேட்டில் நிதானமாக ஏறுவது, சமதரையில் ஓடுவதைவிடத் தசைக்கு நல்ல வேலை. மூட்டுக்கும் குளம்புக்கும் அதிர்ச்சி குறைவு. புரட்டாசியில், சேணமில்லாமல், நீண்ட கயிற்றின் முனையில் சில நிமிடம் துள்ளுநடை. வாரத்தில் ஐந்து நாள். உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினின் தயவை அவ்வளவாக எதிர்பாராமலே எடுத்துக்கொள்ளும் என்பதால், எடை குறையாத வாரத்திலும் நடை வீண்போவதில்லை. மேடேறும்போது எனக்குத்தான் மூச்சு வாங்கியது. என் மருத்துவர் என்னிடம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை நான் குதிரைக்காகச் செய்யநேர்ந்ததை வீட்டில் யாரும் சொல்லிக்காட்டாமல் இல்லை.

வாரம் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமலும் மூன்று கிலோவுக்கு மேற்படாமலும் இறங்கவேண்டும் என்பது ஏற்பாடு. முதல் மூன்று வாரம் நாடா அசையவே இல்லை. பிறகு விலா தட்டுப்பட்டது. முதுகின் வாய்க்கால் மறைந்தது. வாலடி மெத்தைகள் கரைந்தன. கண்ணுக்கு மேல் ஒரு சிறு பள்ளம் எட்டிப் பார்த்தது. பிடரி மட்டும் வெகுநாள் வரை அசையவில்லை. கழுத்துக் கொழுப்புக்கென்றே 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் ஒரு முறை 2009-ல் வகுக்கப்பட்டிருக்கிறது. சிட்டு நாலில் தொடங்கி ஏழு மாதத்தில் இரண்டரைக்கு வந்திருக்கிறது. முன்பு கையால் வளைக்கமுடியாதபடி இறுகியிருந்த அந்தக் கழுத்து, இப்போது பிடித்து அசைத்தால் இருபுறமும் அசைகிறது. இறுகிப்போனால் உடனே கூப்பிடுங்கள், அது அடுத்த தாக்குதலின் முன்னறிவிப்பாக இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருப்பதால், தினமும் காலையில் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். சென்ற திங்கட்கிழமை மார்புச் சுற்றளவு 146. எடை 240.

தீபாவளிக்கு வந்த என் மைத்துனர் கொல்லையில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன மாமா, குதிரை இப்படி வத்திப்போச்சு? உடம்பு சரியில்லையா?" என்று கவலையோடு விசாரித்தார். நான் அவரை அருகே அழைத்து விலாவைத் தடவச் சொன்னேன். அவர் பயந்து மறுத்துவிட்டார்.

காரட் சாக்கு இப்போது பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்ததும் ஒரே ஒரு காரட் உண்டு. அதைப் பாய் தம் பேனாக்கத்தியால் பதினாறு மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒவ்வொன்றாக, இடையிடையே ஏதோ பேசியபடி, கால்மணி நேரம் ஊட்டுகிறார்.